இரண்டு தடவை பார்க்க வந்தார்கள்

எங்கள் வரிசை வீடுகளின் பின்சுவர் மழையில் விழுந்தபோது, யாருக்கும் காயமில்லை என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மட்டாஞ்சேரி கடைத்தெருவுக்குப் பின்னால், ஒரு பழைய மிளகுக் கிடங்கின் முதுகில் சாய்ந்து நின்ற பன்னிரண்டு அறைகள் அவை. அன்று சாயங்காலமே, மூடிக்கிடந்த ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு எங்களைக் கொண்டுபோனார்கள். மூன்று மாதம் என்றார்கள். சொன்னவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அங்கே நாங்கள் மூன்று மழைக்காலம் பார்த்தோம்.

முதல் நாள் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, இது உங்களுக்கு, இது அவர்களுக்கு என்றார்கள். ஒரு வகுப்பறைக்கு நான்கு குடும்பம். பிறகு கோட்டின் மேல் சேலை கட்டினோம். அதற்கும் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் பிளைவுட் தந்தது. நிறுவனத்தின் பெயர் பலகை பலகையாக அச்சடித்திருந்தது. பெயர் நடைபாதையைப் பார்த்து இருக்க வேண்டும் என்று நின்று சொல்லி ஆணி அடிக்க வைத்தார்கள். பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அடுத்த வீட்டார் நடக்கும் கால்கள் தெரியும். யார் கால் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன்.

எங்களுக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு. கரும்பலகை எங்கள் பங்கில்தான் இருந்தது. என் கணவர் அதில் ஆணி அடித்துச் சட்டை மாட்டிக்கொண்டார்.

உதவி வராமல் இல்லை. அரிசி வந்தது, சோப்பு வந்தது, கொசுவலை வந்தது. பை தைக்கச் சொல்லிக் கொடுக்க வந்தார்கள். ஒரு தடவை, கை கழுவும் முறையைச் சொல்லித்தர நான்கு பெண்பிள்ளைகள் வந்து படம் காட்டினார்கள். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. அவர்கள் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரில் ஒருத்தி கை கழுவிக் காட்ட, நாங்கள் கைதட்டினோம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். பத்தாவதுடன் படிப்பு முடிந்தது. பேச வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஐந்து அறைகளைப் பெருக்கித் துடைத்துப் படுக்கை விரிப்பது. அந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன். விரிப்பை நான்கு மூலையிலும் மடித்துச் செருகினால் மெத்தையில் ஒரு சுருக்கம் தெரியாது. துண்டை விசிறி மாதிரி மடித்துக் கால்மாட்டில் வைப்பேன். அதைப் படம் பிடித்துக்கொண்ட விருந்தாளிகள் உண்டு.

என் கணவர் கட்டட மேஸ்திரி. சுவர் விழுவதற்கு இரண்டு வருடம் முன்னால், துறைமுகம் இருக்கும் ஐலண்டில் ஒரு கிடங்கு வேலையில் சாரம் சரிந்து கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு கூடியும் கூடாமலும் நின்றுவிட்டது. கம்பு ஊன்றி மெதுவாக நடப்பார். குத்தவைத்து உட்கார முடியாது.

பள்ளிக்கூடத்தின் கக்கூஸ் மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்காகக் கட்டியது. கதவு என் நெஞ்சு உயரத்துக்குத்தான் வரும். உள்ளே எழுந்து நின்றால் தலை வெளியே தெரியும். பன்னிரண்டு குடும்பத்து ஆட்களும் ஒருவர் தலையை ஒருவர் பார்க்காத மாதிரி பழகிக்கொண்டோம். ஆனால் அவரால் அங்கே போய்ச் சேரவே முடியவில்லை. அதனால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஆக்ஸா பிளேடால் வட்டமாக அறுத்து, கை கிழிக்காமல் இருக்க உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்து, தனக்கென்று ஒன்று செய்துகொண்டார். அடியில் பக்கெட். ஒரு சேலைத் திரைக்குப் பின்னால் அது இருந்தது. பக்கெட்டை எடுத்துக்கொண்டு மைதானத்தைத் தாண்டுவது என் வேலை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போவேன். பன்னிரண்டு குடும்பம் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு நேரம் ஏது?

ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். உள்ளேயே கக்கூஸ் இருக்கும் ஒரு வீடு.

இரண்டாம் வருடம் அந்தச் செய்தி வந்தது. வாய்க்காலுக்கு அப்பால் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்து வீடுகள் முகாம்காரர்களுக்கு. பன்னிரண்டில் ஐந்து. யாருடைய நிலைமை மோசமோ அவர்களுக்கு முதலில். அதை முடிவு செய்ய நேரில் பார்க்க வருவார்கள்.

வருவதற்கு முந்தின நாள் நான் வேலைக்கு லீவு சொன்னேன். பக்கத்துப் பலகையில் இருந்த, நாங்கள் இத்தா என்று கூப்பிடும் அக்கா, கதவு இல்லாத எங்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார். பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர் குடும்பம். பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில். இரண்டு வளர்ந்த பெண்களோடு இருந்தார். அவர் பேசினால் மூன்றாம் வகுப்பு வரை கேட்கும்.

"எடீ, நீ எந்தா பண்ணுற?"

"நாளைக்கு ஆளுக வராங்கல்ல இத்தா. கொஞ்சம் ஒதுங்க வைக்கேன்."

"பெண்ணு காணவா வர்றாங்க? நம்ம கஷ்டப்பாடு பாக்க வர்றாங்க. அதத் தொடச்சு வச்சா அவங்க எதப் பாப்பாங்க?"

என் கணவர் உள்ளேயிருந்து சொன்னார்: "நீங்க உங்க கஷ்டத்தக் காட்டுங்க இத்தா. நாங்க எங்க வீட்டக் காட்டிக்கிடுதோம்."

"வீடோ? எந்த வீடு மேஸ்திரி? இது ரெண்டாங் கிளாஸ்."

அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இத்தா சிரிக்கவில்லை. "நான் எங்க சைடுல ஒழுகுறத துடைக்கப் போறதில்ல. ஒரு பக்கெட்டு சேர்த்து ஊத்துவேன். அல்லாஹ் மன்னிச்சுக்குவான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அவர் பேச்சு அசிங்கமாகப் பட்டது. நான்கு பேர் வரும் இடத்தில் குப்பையைப் போட்டு வைப்பார்களா? சின்ன வயதில் எங்கள் ஊரில் மாட்டு டாக்டர் வந்தால்கூடத் தொழுவத்தைக் கழுவி வைப்பார்கள்.

தரையை மூன்று தண்ணீர் விட்டுத் துடைத்தேன். மறுநாள் விடிந்ததும் நாற்காலியையும் பக்கெட்டையும் படிக்கட்டின் அடியில் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். ஹோம்ஸ்டேயில் கழித்துக்கட்டிய ஒரு வெள்ளை விரிப்பு என்னிடம் இருந்தது. அதைக் கட்டிலில் விரித்து நான்கு மூலையும் மடித்துச் செருகினேன். கை தானாகவே துண்டை எடுத்து விசிறி மடித்துக் கால்மாட்டில் வைத்தது. அவருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நல்ல நாற்காலியில் உட்கார வைத்தேன். சாரத்தில் ஏறின காலத்து ஆள் மாதிரி இருந்தார்.

வந்தவர்கள் மூன்று பேர். ஒரு அதிகாரி, ஃபைல் வைத்திருந்த ஒருவர், தொண்டு நிறுவனத்திலிருந்து போன் கேமராவோடு ஒரு ஆள். அதிகாரி வாசலில் செருப்பைக் கழற்றினார். அந்த முகாமில் செருப்பைக் கழற்றி உள்ளே வந்த ஒரே அதிகாரி அவர். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"சுகமல்லே சேட்டா?" என்று என் கணவரிடம் கேட்டார்.

"சுகம் சார்."

அப்புறம் என் பக்கம் திரும்பி, ஏதாவது புத்திமுட்டு உண்டா என்று கேட்டார். கஷ்டம் உண்டா என்று அர்த்தம். அதற்கான பதிலை நான் மூன்று நாளாக மலையாளத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இவருக்குக் குத்தவைக்க முடியாது, கக்கூஸ் தூரம், நாங்கள் ஒரு பக்கெட்டு வைத்திருக்கிறோம். இவ்வளவுதான். ஹோம்ஸ்டேயில் பாத்ரூம் தேய்க்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அதிகாரியின் முகத்தைப் பார்த்ததும், "இல்ல சார்" என்று வாய் சொல்லிவிட்டது.

அவர் கட்டிலைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். "ஹோம்ஸ்டே போலெ உண்டல்லோ" என்று ஃபைல்காரரிடம் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படம் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் அவர்கள் நின்றது இரண்டு நிமிடம். இத்தாவின் பக்கம் அரைமணி நேரம். பலகைக்கு அடியில் மூன்று ஜோடிக் கால்கள் தண்ணீரில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தா அழுவதும் கேட்டது. அழுகையில் பொய் இருந்ததா என்று அன்று எனக்குச் சந்தேகம். பிறகு யோசித்தால், அவருக்கு அழக் காரணம் இல்லாமலா இருந்தது.

லிஸ்ட் வந்தது. மலையாளம் எனக்குக் கூட்டிப் படிக்கத்தான் வரும். இத்தாதான் படித்தார். ஐந்து பெயர். மூன்றாவது அவருடையது.

"உன்றது இல்லடீ," என்றார். இன்னொரு முறை மேலிருந்து விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இல்ல" என்றார்.

என் கணவர் சொல்லி, லிஸ்ட் போட்ட அலுவலகத்துக்கு நான் போனேன். இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டு மூன்றாம் தடவைதான் உள்ளே போனேன். அங்கிருந்த கிளார்க் ஃபைலைப் பிரித்து எங்கள் தாளைக் காட்டினார். நிலைமை நன்று என்று எழுதி, கூடவே படம் ஒட்டியிருந்தது. வெள்ளை விரிப்பு, விசிறித் துண்டு, வெள்ளைச் சட்டையில் ஒரு மனிதர்.

"இங்ஙனெ தாமசிக்கிறவங்களுக்கு எந்தா சேச்சி இத்தர திறுதி?" என்றார். இப்படி வசதியாக இருப்பவர்களுக்கு என்ன இவ்வளவு அவசரம் என்கிறார். கேலி செய்யவில்லை. படத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் கேட்பார்கள்.

அந்தப் படத்துக்கு வெளியே படிக்கட்டின் அடியில் சாக்குப் போட்டு மூடிய ஒன்று இருந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் மனதுக்குள் இத்தாவைத் திட்டிக்கொண்டே வந்தேன். கிளார்க்கைத் திட்டவில்லை, அதிகாரியைத் திட்டவில்லை. நம்மைப் போன்றவர்களுக்குத் திட்ட வசதியாகக் கிடைப்பது பக்கத்துப் பலகைக்காரர்தான்.

மூன்றாவது மழையில் என் கணவர் மைதானத்தில் விழுந்தார். அன்று நான் வேலை முடிந்து வர நேரமாகிவிட்டது. நிறைந்த பக்கெட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க அவருக்கு மனசில்லை. தானே கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்று கம்பை ஒரு கையிலும் பக்கெட்டை ஒரு கையிலும் பிடித்துக் கிளம்பியிருக்கிறார். பாசியில் வழுக்கிவிட்டது. முதலாம் வகுப்பில் இருந்தவர்கள் தூக்கி வந்து குழாயடியில் வைத்துக் கழுவிவிட்டார்கள். நான் வரும்போது வேறு வேட்டியில் படுத்திருந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இத்தா கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். புது வீட்டிலிருந்து அரிசிமாவில் பத்திரி சுட்டு எடுத்து வந்திருந்தார். அந்த வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகவும் முதலில் சொல்லவில்லை. கிளம்பும்போது என்னை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"இன்னும் மூணு வீடு இருக்கு. திரும்பவும் பாக்க வருவாங்க. இந்தத் தடவ நீ தொடைக்காத. அந்த ஓட்ட போட்ட கசேரய நடுவுல போடு. கேட்டியா? நடுவுல."

"அவருக்குப் பிடிக்காது இத்தா."

"அவருக்குப் பிடிக்காது. அந்த மைதானத்துல கிடந்தது பிடிச்சுதோ?"



இரண்டாவது தடவை வருகிற நாள் காலையில் நான் படுக்கையைத் தட்டவில்லை. எழுந்தபடியே போட்டிருந்தேன். தரையைக் கூட்டவில்லை. விளக்குமாறு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ, ஆபீசுக்காரங்க வராங்கல்ல. சவரம் பண்ணி விடேன்."

"பிளேடு இல்ல."

"நேத்து வாங்குனியே."

"எங்கயோ வச்சிட்டேன். காணல."

தாடையைத் தடவிக்கொண்டே, "அந்த வெள்ளச் சட்டையாவது எடு" என்றார்.

"ஈரமா கெடக்கு."

சட்டை கரும்பலகை ஆணியில் அவர் கண்முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் திரையை அவிழ்த்து நாற்காலியை அறையின் நடுவில் இழுத்துப் போட்டேன். பக்கெட்டைக் கழுவாமல் அடியில் வைத்தேன்.

இந்தத் தடவை வந்தது ஒரு பெண் அதிகாரி. செருப்போடு உள்ளே வந்தார். கூடவே அதே தொண்டு நிறுவனத்தின் கேமராக்காரர். அந்த அம்மாள் மூக்கைப் பொத்தவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். நாற்காலியைக் காட்டி, இதை யார் உபயோகிக்கிறது என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார்: "ஞானாணு மேடம். ஞான் தன்னெ உண்டாக்கியதா."

நான்தான், நானே செய்தது. ஒரு நல்ல கட்டுவேலையைக் காட்டிச் சொல்கிற குரலில்தான் சொன்னார். ஆனால் தாடி வளர்ந்த முகமும் கசங்கிய பனியனுமாக இருந்த ஆளிடமிருந்து அந்தக் குரல் வந்ததும், அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் மனப்பாடம் செய்திருந்ததை இந்தத் தடவை சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். விழுந்ததையும் சேர்த்துச் சொன்னேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அந்த அம்மாள் எழுதிக்கொண்டார்.

அப்போது கேமராக்காரர், "சேட்டா, அதிலொண்ணு இரிக்காமோ? ஒரு போட்டோய்க்கா," என்றார். அதில் ஒரு தடவை உட்கார முடியுமா என்று. அவர் மோசமான ஆள் இல்லை. அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்து இறக்கியவர். அவர் வேலைக்கு ஒரு படம் தேவை, அவ்வளவுதான்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது எனக்குப் பேச்சு வந்துகொண்டிருந்த நாள். அந்த அம்மாள்கூட வேண்டாம் என்று சொல்லப்போகிற மாதிரிதான் முகத்தைத் திருப்பினார். அதற்குள் நான் என் கணவர் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன். கம்பை வாங்கிச் சுவரில் சாய்த்தேன். வேட்டியைச் சரிசெய்து, தோளைப் பிடித்து, அவர் அறுத்துச் செய்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். அவர் கனக்கவில்லை. நான் தள்ளின பக்கமெல்லாம் வந்தார். படம் எடுக்கும்போது கேமராவைப் பார்க்கவில்லை. நான் ஒதுங்கி நின்ற மூலையைப் பார்த்தார்.

இரண்டு படம் எடுத்தார்கள். முதலாவதில் வெளிச்சம் சரியில்லையாம்.

அவர்கள் போன பிறகு நான் அறையைக் கழுவிவிட்டேன். மெத்தையைத் தட்டி விரித்தேன். பிளேடு எடுத்து வந்து சவரம் செய்யட்டுமா என்று கேட்டேன். அவர் முகத்தைக் காட்டினார். நுரை போட்டு மழித்து முடித்தேன். கடைசியில் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"என்னையக் கேட்டிருந்தா நானே உக்காந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

மூன்று வீட்டில் முதல் வீடு எங்களுக்கு. இத்தா வந்து என் கன்னத்தைக் கிள்ளி, "இப்பதான் நீ பிழைக்கப் படிச்ச" என்றார். சாவி கொடுக்கும் கூட்டத்துக்கு என் கணவர் வரவில்லை. இடுப்பு வலி என்றார். நான் மேடையில் தனியாக நின்று வாங்கினேன். என்ன தோன்றுகிறது என்று மைக்கை நீட்டினார்கள். சந்தோஷம் என்றேன்.

இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. தரைத்தளம்தான் தந்தார்கள். கட்டிலிலிருந்து கக்கூஸ் நான்கு அடி. உட்காரும் வகை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. இத்தா எதிர்ப்பக்கக் கட்டடத்தில் இருக்கிறார். இங்கிருந்தும் அவர் குரல் கேட்கும்.

என் கணவர் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறார். மீன் வாங்கச் சொல்கிறார், குழம்பில் புளி போதாது என்கிறார். ஆனால் கக்கூசுக்குப் போக என் கையைப் பிடிப்பதில்லை. நான் எழுந்தால், "நீ இரு" என்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார். விழுந்தால் யார் கதவைத் திறப்பது, தாழ் மட்டும் போடாதீங்க என்று பல தடவை சொல்லிவிட்டேன். இத்தாவை விட்டும் சொல்ல வைத்தேன். சரி என்று இருவரிடமும் தலையாட்டினார்.

இன்று காலையிலும் தாழ் போட்டார். நான் வேலைக்குக் கிளம்ப நேரமாகியிருந்தது. வெளியே நின்று, தண்ணீர் விடும் சத்தம் வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.